கீரைப் பாத்தியும் மனச்சோர்வும்

(ஊராட்சி ஒன்றிய அலுவலகக் கூடத்தில் நடைபெற்ற மகளிர் சுய உதவிக் குழுப் பொறுப்பாளர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



காலை முதல் வங்கிக் கடன், வட்டிக் கணக்கு, தீர்மானப் புத்தகம் என்று கேட்டுக் களைத்திருக்கிறீர்கள். உண்ட களைப்பும் சேர்ந்துகொள்ளும் இந்த நேரத்தில் உணவைப் பற்றிப் பேசும் பொறுப்பு நமக்கு வாய்த்திருக்கிறது. நிகழ்ச்சி நிரலில் "ஊட்டச்சத்தும் வீட்டுத் தோட்டமும்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். தாவர உணவிலுள்ள பொருள்களுக்கும் மனச்சோர்வு என்னும் நோய்க்கும் உள்ள தொடர்பே அது. இதை எடுத்துக்கொள்ளக் காரணம் ஒரு கணக்குப் புத்தகம்.

சென்ற ஆடி மாதம் ஒரு சிற்றூரில் குழுக் கணக்கைப் பார்வையிட்டோம். ஓர் உறுப்பினருக்குச் சுழல் நிதியிலிருந்து 2,550 ரூபாய் கடன் தரப்பட்டிருந்தது. நோக்கம் என்ற கட்டத்தில் "மருந்து" என்று எழுதியிருந்தார்கள். பிரசவச் செலவோ அறுவைச் சிகிச்சையோ என்று எண்ணி விசாரித்தோம். இரண்டும் இல்லை. மூன்று பொட்டலம் பொடி. பொட்டலம் ஒன்று 850 ரூபாய். சந்தையில் வேன் நிறுத்தி, ஒலிபெருக்கி வைத்து விற்றிருக்கிறார்கள். "முழுவதும் மூலிகை, பக்க விளைவு கிடையாது, மூன்று மாதத்தில் மனக்கவலை அகலும், ஆஸ்பத்திரி மாத்திரை இனித் தேவையில்லை" என்பது அவர்கள் கூறியது.

அந்தச் சகோதரி அதற்கு முன்னரே மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் காட்டி, நான்கு மாதமாக மாத்திரை உட்கொண்டு தேறி வந்தவர். வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். பொடி வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆறு வாரத்தில் பழைய நிலைக்கே திரும்பினார். நாம் போய்ப் பார்த்தபோது பகல் பன்னிரண்டு மணி, அடுப்பு மூட்டப்படவில்லை. பள்ளி விட்டு வரும் பெண் குழந்தை பக்கத்து வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. திண்ணையில் சுவரைப் பார்த்து அமர்ந்திருந்த தாய் நம்மைக் கண்டு எழவும் இல்லை, பேசவும் இல்லை.

அந்தப் பொட்டலத்தை வாங்கிப் படித்தோம். மஞ்சள், மிளகு, வல்லாரை, முருங்கையிலை என்று அச்சிட்டிருந்தது. முதல் இரண்டும் நம் அஞ்சறைப் பெட்டியில் இருப்பவை. முருங்கை கொல்லையிலும் வல்லாரை வாய்க்கால் ஓரத்திலும் கிடைப்பவை. விற்றவர் கூறியது முழுப் பொய்யாக இருந்தால் நம் வேலை எளிதாகியிருக்கும். அது பாதி உண்மையாக இருந்ததுதான் சிக்கல். அந்தப் பாதியைப் பிரித்துக் காட்டவே இங்கு நிற்கிறோம்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். துக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. விளைச்சல் பொய்த்தால், பெற்றவர் மறைந்தால் வருந்தாதவர் யார்? இரண்டு வாரத்துக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியும் மனம் இருண்டு, எதிலும் விருப்பமற்று, உறக்கமும் பசியும் கெட்டு, தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணம் மேலோங்கினால் அது நோய். கிராமத்தில் யாரும் அதைச் "சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலை பாரம், கை கால் அசதி, நெஞ்சுப் படபடப்பு என்றே சொல்வார்கள். சிலரைக் கோடாங்கியிடம் அழைத்துப் போவார்கள். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16 ஆம் ஆண்டுகளில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோர் இருபது பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதேனும் இந்நோய்க்கு ஆளாகிறார். ஆயிரம் வாக்காளர் உள்ள ஊரில் இது ஐம்பது பேர். அவர்கள் யார் யார் என்று இங்கு அமர்ந்திருக்கும் உங்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இனித் தாவரங்களுக்கு வருவோம். கத்தரிக்காயின் ஊதா நிறம், நாவற்பழத்தின் துவர்ப்பு, சின்ன வெங்காயத்தின் தோலிலுள்ள செம்மை, மஞ்சளின் மஞ்சள் இவையெல்லாம் செடி தன் நலத்துக்காக உண்டாக்கிக்கொண்ட பொருள்கள். வெயிலைத் தாங்கவும், பூச்சியை விரட்டவும், பறவையை அழைக்கவும் அவை செடிக்கு உதவுகின்றன. அவற்றுள் ஒரு பெரிய குடும்பத்துக்குப் பாலிபீனால் என்று பெயர். அதன் ஒரு கிளை பிளேவனாய்டு. அமெரிக்காவில் செவிலியர் 80,000க்கும் மேற்பட்டோரின் உணவையும் உடல்நிலையையும் சுமார் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2016 இல் முடிவை வெளியிட்டார்கள். பிளேவனாய்டு மிகுந்த உணவை உண்டோரிடையே மனச்சோர்வு சற்றுக் குறைவாகக் காணப்பட்டது; பத்து விழுக்காடு அளவுக்குள்ளான குறைவுதான். பழமும் காயும் மிகுதியாக உண்போர் நடைப்பயிற்சியும் செய்வார்கள், வருவாயும் சிறிது கூடுதலாக இருக்கும். ஆகவே பலன் முழுவதையும் பழத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

இது எவ்வாறு வேலை செய்யக்கூடும்? நாம் உண்ணும் பாலிபீனாலில் பெரும்பகுதி இரத்தத்தில் நேரே சேர்வதில்லை, பெருங்குடல்வரை செல்கிறது. அங்கு வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துச் சிறு பொருள்களாக மாற்றுகின்றன. கீரை, தவிடு, பயறு ஆகியவற்றின் நார்ச்சத்தையும் அவை புளிக்கச் செய்து சிலவகைக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இவை குடலின் சுவரைக் காத்து, உடலில் அழற்சியைத் தணிக்கின்றன. மனச்சோர்வுற்றோரில் ஒரு பகுதியினருக்கு இரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் சற்று மிகுந்திருப்பதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். குடலையும் மூளையையும் இணைக்கும் நரம்பும் உண்டு. ஆகவே தட்டிலிருந்து மனத்துக்கு ஒரு வழி இருக்கிறது. ஆனால் அது ஒற்றையடிப் பாதை. அதில் லாரி ஓட்ட முடியாது.

இவ்விடத்தில் வாழைப்பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூறவேண்டும். வாழைப்பழத்தில் "மகிழ்ச்சிப் பொருளாகிய" செரடோனின் இருப்பதால் அதை உண்டால் மனம் மகிழும் என்று ஒரு செய்தி கைப்பேசியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. வாழைப்பழத்தில் செரடோனின் இருப்பது மெய்யே. ஆனால் வயிற்றிலிருந்து வரும் செரடோனின் மூளைக்குள் நுழைவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. வாழைப்பழம் நல்ல உணவு. அதை அந்தக் காரணத்துக்காகவே உண்போம்.

பொட்டலத்தின் முதற்பெயரான மஞ்சளை எடுத்துக்கொள்வோம். மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள் குர்குமின். அதை மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வுகள் பல உண்டு. 2014 இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த ஓர் ஆய்வில் 56 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் குர்குமின் எட்டு வாரம் தரப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு வெற்று மாத்திரை. முதல் நான்கு வாரத்தில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. அடுத்த நான்கு வாரத்தில் குர்குமின் உட்கொண்டோரிடம் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. ஆகவே விற்றவர் கூறியதில் ஒரு விதை உண்மை உண்டு.

இப்போது நமது கணக்குப் புத்தியைப் பயன்படுத்துவோம். மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே. 1,000 மில்லிகிராம் குர்குமின் வேண்டுமானால் சுமார் 33 கிராம் மஞ்சள் தூள் வேண்டும். குழம்புக்கு நாம் போடுவது ஒரு சிட்டிகை. ஒரு குடும்பம் முழுவதற்கும் நாள் முழுவதும் ஒரு தேக்கரண்டி, அதாவது மூன்று கிராம் என்று வைத்துக்கொண்டாலும், ஒருவர் பங்குக்கு ஒரு கிராம்கூட வராது. ஆய்வில் கொடுத்தது செறிவாகப் பிரித்தெடுத்த சாறு. பொட்டலத்தில் இருந்தது இடித்த தூள். இரண்டையும் ஒன்றென்று கூறுவது, ஒரு குடம் பாலில் எடுத்த நெய்யையும் ஒரு சங்குப் பாலையும் ஒன்றென்று கூறுவதைப் போன்றது.

மிளகைப் பற்றிய செய்தி இதைவிடச் சுவையானது. குர்குமினைத் தனியே விழுங்கினால் இரத்தத்தில் மிகச் சிறிதே சேரும். 1998 இல் பெங்களூரு மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினுடன் மிளகின் காரப்பொருளான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் சேரும் அளவு இருபது மடங்கானதைக் கண்டார்கள். 20 மில்லிகிராம் பைப்பரின் என்பது ஒரு சிட்டிகை மிளகுத் தூளுக்குள் அடங்கும். மஞ்சளையும் மிளகையும் சேர்த்து ரசம் வைத்த நம் பாட்டிமார் இதை அறிந்தா செய்தார்கள் என்று கேட்டால், அவர்கள் சுவைக்காகச் செய்தார்கள் என்றே நினைக்கிறோம். பெருமையை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் ஓர் எச்சரிக்கை. குர்குமினை உடலில் தங்கச் செய்யும் அதே பைப்பரின் வேறு சில மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் உயர்த்திவிடும். ரசத்திலுள்ள மிளகைக் குறித்து அஞ்ச வேண்டுவதில்லை. மாத்திரையாக, செறிவாக விற்பதை மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளக் கூடாது. மஞ்சள் சாற்று மாத்திரைகளால் கல்லீரல் பழுதுற்ற நோயாளிகளைப் பற்றி இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

"மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்று கேட்போர் நம்மிடையே பலர். அவர்களுக்காக ஒரு வரலாற்றைக் கூற விரும்புகிறோம். இது நம் நாட்டு வரலாறும்கூட. சர்ப்பகந்தி என்று ஒரு செடி. அதன் வேரைப் பித்துப்பிடித்தோருக்குக் கொடுப்பது வடநாட்டில் நெடுநாள் வழக்கம். 1931 இல் கணநாத சேன், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இரு வங்காள மருத்துவர்கள் இவ்வேரைப் பற்றி எழுதினார்கள். 1949 இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இது இரத்தக் கொதிப்பைக் குறைப்பதைப் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் வெளியிட்டார். 1952 இல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் அதை உட்கொண்டனர். சில ஆண்டுகளில் ஒரு வியப்பான செய்தி வந்தது: கொதிப்பு குறைந்தது, ஆனால் நோயாளிகளில் சிலர் காரணமின்றி அழத் தொடங்கினார்கள், வாழ்வில் பிடிப்பற்றுப் போனார்கள். இதே 1952 இல் நியூயார்க் நகர மருத்துவமனை ஒன்றில் காசநோய்க்குக் கொடுத்த வேறொரு மருந்து நோயாளிகளை அளவுக்கு மீறி உற்சாகமாக்கியது. ஒன்று மூளையிலுள்ள சில நரம்புத் தூதுப் பொருள்களைக் காலி செய்தது. மற்றது அவை அழியாமல் காத்தது. இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், அத்தூதுப் பொருள்கள் குறைவதே மனச்சோர்வுக்குக் காரணம் என்ற கருத்து பிறந்தது. நோயின் காரணம் அவ்வளவு எளிதன்று என்பது பின்னால் தெரிந்தது. ரெசர்பின்மேல் கூறிய குற்றமும் சற்று மிகைப்படுத்தப்பட்டதென்று பின்வந்தோர் கூறுகிறார்கள். ஆயினும் ஒன்று நிலைத்தது. ஒரு வேரின் சாறு மனித மனத்தை அசைக்க வல்லது. அசைக்க வல்லது எதுவாயினும் அதற்கு அளவும் காவலும் வேண்டும்.

குங்குமப்பூவைப் பற்றியும் நல்ல செய்திகள் உண்டு. தெஹ்ரான் மருத்துவர்கள் நாளுக்கு 30 மில்லிகிராம் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அதன் விலையை எண்ணி அடுத்ததற்குச் செல்வோம்.

ஒற்றைப் பொருளை விட்டு முழுத்தட்டைப் பார்த்தால் செய்தி உறுதிப்படுகிறது. 2017 இல் ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகப் பேராசிரியை பெலிஸ் ஜாக்கா தலைமையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நல்ல உணவு உண்ணும் பழக்கமற்ற, மனச்சோர்வு நோயுள்ள 67 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதியினருக்கு உணவு ஆலோசகர் பன்னிரண்டு வாரத்தில் ஏழு முறை உட்கார்ந்து, முழுத்தானியம், பயறு, காய், பழம், கொட்டைகள், மீன் ஆகியவற்றை உண்ணக் கற்பித்தார். மறுபாதியினருக்கு அதே அளவு நேரம் ஒரு நண்பரைப் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். முடிவில், உணவு மாற்றியோரில் நூற்றுக்கு 32 பேர் நோய் நீங்கும் நிலையை அடைந்தார்கள். பேச்சுத்துணை பெற்றோரில் நூற்றுக்கு 8 பேர். செலவு கூடவில்லை; அவர்கள் முன்னர் வாங்கி உண்டதைவிடக் குறைவு என்றே கணக்கிட்டார்கள். சிறிய ஆய்வுதான், தாம் எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்பது நோயாளிகளுக்கே தெரியும் என்ற குறையும் உண்டு. நாம் இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. அவர்களில் பெரும்பாலோர் மாத்திரையோ மனநல ஆலோசனையோ பெற்றுக்கொண்டே உணவை மாற்றினார்கள்; எதையும் விட்டுவிடவில்லை. மற்றொன்று, வெறும் உணவுப் பட்டியலை எழுதிக் கையில் கொடுத்து அனுப்பவில்லை. ஏழு முறை ஒருவர் கூட அமர்ந்தார்.

நம்முடைய முருங்கை, அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரைகளில் போலேட் என்னும் உயிர்ச்சத்து உண்டு. நரம்புத் தூதுப் பொருள்களை உடல் செய்துகொள்ளும் வேலையில் அதற்குப் பங்குண்டு. அது குறைந்தவர்களிடம் மனச்சோர்வு மிகுதியாகக் காணப்படுகிறது. போலேட் சூட்டுக்கும் நீருக்கும் தாங்காது. ஆகவே கீரையைக் கழுவிய பிறகே நறுக்கவும். நிறைய நீர்விட்டு நெடுநேரம் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டுவது, கீரையை வாங்கிச் சாக்கடைக்கு ஊட்டுவதாகும்.

இரும்புச் சத்தைப் பற்றியும் கூறவேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அசதி, மூச்சு வாங்குதல், எதிலும் ஊக்கமின்மை என்று அவர்கள் சொல்வது மனச்சோர்வைப் போலவே தோன்றும். இரண்டும் சேர்ந்தும் இருக்கும். இங்கே ஒரு விந்தை. பாலிபீனாலைப் புகழ்ந்தோம் அல்லவா? தேநீரின் துவர்ப்பும் பாலிபீனால்தான். அது உணவிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்கிறது. சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் வழக்கத்தை விட்டு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள். மரக்கறி மட்டுமே உண்போருக்கு மற்றொன்று: பி12 என்னும் உயிர்ச்சத்து எந்தக் கீரையிலும் இல்லை, அது குறைந்தாலும் மனம் சோரும். பால், தயிர், முட்டை இவற்றில் இயன்றதைச் சேர்க்க வேண்டும்; ஐயமிருந்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இவ்வளவும் கூறிய பிறகு, திண்ணையில் சுவரைப் பார்த்திருந்த அந்தச் சகோதரியிடம் திரும்பிச் செல்வோம். அவரிடம் போய், "அம்மா, கீரை சமைத்துச் சாப்பிடுங்கள், பிளேவனாய்டு நல்லது" என்றால் என்ன ஆகும்? கீரை ஆய வேண்டும், மண் போகக் கழுவ வேண்டும், நறுக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும். குளிக்கவே எழ முடியாதவருக்கு இது மலை ஏறுவதற்கு ஒப்பாகும். பசியும் இல்லை, நாவில் சுவையும் இல்லை. உணவு எவருக்கு மிகவும் தேவையோ அவரால்தான் அதைச் சமைக்க முடியாது. உணவைப் பற்றி அச்சிடப்படும் துண்டறிக்கைகளில், நம் அலுவலகம் வெளியிட்டவை உட்பட, இது எழுதப்பட்டு நாம் பார்த்ததில்லை.

அந்தக் குழுவின் ஊக்குநர் அம்மாள் எவரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தார். உறுப்பினர் பன்னிரண்டு பேரில் நாளுக்கு ஒருவர், தம் வீட்டில் சமைத்ததில் ஒரு கிண்ணம் கீரைக் கூட்டோ சாம்பாரோ எடுத்துக்கொண்டு போவது. வைத்துவிட்டு வந்துவிடக் கூடாது. அவர் உண்ணும்வரை அருகில் அமர்ந்திருக்க வேண்டும். மூன்றாவது நாள் மாத்திரைச் சீட்டைத் தேடி எடுத்து, இருவர் துணையோடு மறுபடி மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். வீட்டில் இருந்த பூச்சிமருந்துப் புட்டியை அவர் கணவரிடம் சொல்லி வேறிடத்தில் பூட்டி வைக்கச் செய்தார்கள். இதை யாரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை என்பதை எண்ணினால் நமக்கே சற்று வெட்கமாக இருக்கிறது.

வாழ்வில் விருப்பமில்லை என்று ஒருவர் வாய்விட்டுக் கூறினால் அங்கே கீரைக்கு வேலையில்லை. அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். தீர்மானப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை பலனில்லை என்று நிறுத்திவிடுவோர் பலர். தேறிய பின்னும் மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது.

மாத்திரை உண்ணும்போது அகத்திக்கீரை கூடாதென்று சொல்வார்களே, மற்றக் கீரை உண்ணலாமா என்று முன் வரிசையிலிருந்து ஒரு தாயார் இடைவேளையில் கேட்டார். அரைக்கீரை, சிறுகீரை, முருங்கை ஆகியவற்றைத் தாராளமாக உண்ணலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோர் மட்டும் கீரையின் அளவைக் குறித்து மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அந்தச் சகோதரி கார்த்திகையில் குழுக் கூட்டத்துக்கு வந்திருந்தார். அதிகம் பேசவில்லை, ஆனால் வருகைப் பதிவில் தாமே கையெழுத்திட்டார். அவர் வீட்டுக் கிணற்றடியில் நான்கடிக்கு எட்டடி அளவில் ஒரு கீரைப் பாத்தி போட்டிருக்கிறார்கள். பாத்திரம் கழுவும் நீரே பாய்கிறது. விதைத்த இருபத்தைந்து நாளில் சிறுகீரை பறித்தார்களாம். அந்த 2,550 ரூபாய்க் கடனுக்கு உரிய வட்டியைக் குழு தள்ளுபடி செய்திருந்தது. இது விதிக்குள் அடங்குமா என்று கணக்கர் நம்மைக் கேட்டார். தீர்மானம் முறையாக எழுதப்பட்டு, உறுப்பினர் அனைவரும் கையொப்பமிட்டிருந்தனர். நாமும் பார்வையிட்டதாகக் கையெழுத்திட்டோம்.

கீரை விதைப் பொட்டலங்கள் வாயிலருகே மேசையில் வைக்கப்பட்டுள்ளன. குழுவுக்கு ஐந்து வீதம், பதிவேட்டில் ஒப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளவும்.